காலியான சிலிண்டர்

செகெட்,
நவம்பர் 12

அன்புள்ள வில்மாவுக்கு,

எத்தெல்கா எழுதுகிறேன். லிஸ்பனில் நீ சுகமாக இருப்பாய் என்று நம்புகிறேன். என் கணவர் தெஷோ போன மாதக் கடைசி ஞாயிற்றுக்கிழமை காலையில் இறந்துவிட்டார். அடக்கம் முடிந்து பத்து நாள் ஆகிறது.

சிறுநீரகங்கள் கைவிட்டதால் ரத்தத்தில் அமிலம் ஏறிவிட்டது என்றார்கள். "நாப்பது வருஷமா இவ போடுற முட்டைக்கோஸ் ஊறுகாயத் தின்னா, ரத்தம் புளிக்காம இனிக்கவா செய்யும்?" என்று நர்சிடம் என்னைக் கேலி பேசினார். மறுநாள் பேச்சே குறைந்து போயிற்று. இதயம் தளர்ந்துவிட்டது. நாம் சேர்ந்து வேலை பார்த்த ஆய்வுக்கூடத்தின் தொட்டியில் எத்தனை இதயத் தசைத் துண்டுகளை அப்படிப் பார்த்திருக்கிறேன்! நீர் புளித்தால் கால்சியம் இருந்தும் தசையால் அதைப் பிடித்துச் சுருங்க முடியாது என்று நீதான் எனக்குச் சொன்னாய்.

அது சனிக்கிழமை. டயாலிசிஸைத் திங்கட்கிழமை வைத்துக்கொள்ளலாம் என்றார் இளம் டாக்டர். "பயப்படாதீங்கம்மா. இதயம் அமிலத்துக்குப் பழகிக்கும், பழைய பலம் தானா வந்துடும். நம்ம ஊர்லயே ஒருத்தங்க கண்டுபிடிச்சிருக்காங்க" என்று உன் பெயரைப் பெருமையாகச் சொன்னார். "அது தப்பு டாக்டர், நான் அவங்க ஆய்வுக்கூடத்துல வேலை பாத்தவ" என்றேன். அங்கே எனக்கு என்ன வேலை என்று கேட்டார். "சிலிண்டர் மாத்துவேன்" என்றேன். சிரித்துக்கொண்டே அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டார். பின்னாலேயே ஓடிக் கத்தியிருக்கலாம். ஆனால் என் திருட்டுத்தனத்தையும் சொல்ல வேண்டியிருக்குமே என்று கட்டிலருகிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

உனக்கு இப்போது சொல்கிறேன். ஆறு வருஷத்துக்கு முன், ஈஸ்டருக்கு அடுத்த வாரம் வெள்ளிக்கிழமை நீ ஐந்து தசைத் துண்டுகளைச் சோதித்தாய். தொட்டி நீரைப் புளிக்க வைக்கும் கரியமில வாயு சிலிண்டரின் வால்வு அப்போது ஒழுகிக்கொண்டிருந்தது. அன்று மதியத்துக்கு மேல் வாயுவே வரவில்லை. புளிப்பைக் காலையில் ஒருமுறைதான் அளப்போம். தசை எதற்கும் பழகவில்லை வில்மா, நீரில் புளிப்பு இறங்கியதால் மறுபடி துடித்தது. மாலையில் சிலிண்டரைத் தூக்கிப் பார்த்தபோதுதான் அது காலி என்று எனக்கே தெரிந்தது. அந்த நேரம் பார்த்து நீ ஓடிவந்து, "எத்தெல்கா அக்கா, பாருங்க, அமிலத்துலயும் திரும்பி வருது!" என்று என்னைக் கட்டிக்கொண்டாய். வால்வைப் பார்ப்பது என் வேலை. வேலை போய்விடும் என்ற பயமும் இருந்தது, உன் முகத்தைப் பார்க்கவும் முடியவில்லை. சத்தமில்லாமல் புது சிலிண்டரை மாட்டினேன். பிறகு அந்த முடிவு ஒருமுறைகூட வராதபோது, தசை பழசு என்று நீ ஒதுக்கினாய். அப்போதும் வாயைத் திறக்கவில்லை. அந்த ஐந்து துண்டுகளை வைத்தே உன் கட்டுரை வெளிவந்தது.

சனிக்கிழமையே டயாலிசிஸ் செய்திருந்தால் தெஷோ பிழைத்திருப்பாரா என்று தெரியாது. அந்த டாக்டரைத் திட்டவும் எனக்கு வாயில்லை. அவர் படித்ததை நம்பினார்.

உன் கட்டுரை தவறு என்று பத்திரிகைக்கு எழுதிவிடு. என் பெயரையும் வால்வையும் சேர்த்தே எழுது. இதனால் உனக்கு எவ்வளவு அவமானம் என்று தெரிந்துதான் கேட்கிறேன். வேறொரு வார்டில் வேறொருத்தி திங்கட்கிழமைக்காகக் காத்திருக்கக் கூடாது.

கட்டுரையின் கடைசி வரியில் எனக்கு நன்றி சொல்லியிருக்கிறாய். தெஷோ அதைச் சட்டம் போட்டுச் சமையலறையில் மாட்டியிருந்தார். நான் கழற்றிவிட்டேன். நீயும் அடித்துவிடு.

கடவுள் உன்னைக் காக்கட்டும், கண்ணே. பதில் போடாவிட்டாலும் பரவாயில்லை, பத்திரிகைக்கு எழுது.

என்றும் உன்,
எத்தெல்கா