பிரேக்குக்கு எண்ணெய் போட்ட முதலாளி

பங்காளி,

காலையிலிருந்து வீடு முழுக்க விளக்கெண்ணெய் வாசம். என் மூன்று பெண்களும் மூக்கைப் பிடித்துக்கொண்டு வரிசையில் நிற்கிறார்கள். அவர்கள் அம்மா கையில் கிண்ணம். பேதிக்குக் கொடுக்கிற நாள். கடைசியில் என் முறையும் வரும் என்பதால், அவசரமாக ஒரு கடுதாசி எழுத வேண்டும் என்று சொல்லி வெளியே வந்துவிட்டேன். யாருக்கு என்று கேட்டாள். உனக்கு என்றேன். நீ போய் இரண்டு வருஷமாகிறது, எந்தத் தபால்காரன் கொண்டுபோய்க் கொடுப்பான் என்று அவள் கேட்கவில்லை. இந்த வாசம் வந்தால் நான் உன்னை நினைப்பேன் என்று அவளுக்குத் தெரியும். ஏன் என்றுதான் தெரியாது.

நம் லாரி நினைவிருக்கிறதல்லவா? என் மாமனார் இரண்டு ஜோடிக் காளையை விற்று வாங்கிக் கொடுத்தது. நான் அதுவரை மாட்டு வண்டியில் பருத்தி மூட்டை ஏற்றினவன். நீயோ சண்டைக்குப் போய், பஸ்ராவில் பட்டாளத்து லாரி ஓட்டித் திரும்பியவன். அதனால் நீ டிரைவர், நான் முதலாளி. தண்ணீரை எந்த மூடியைத் திறந்து ஊற்றுவது என்று டிரைவரைக் கேட்டுத்தான் முதலாளி தெரிந்துகொண்டார். நான் செய்த கோமாளித்தனங்களை எல்லாம் பார்த்துவிட்டு மாமனார் ஒருநாள் என்னிடம் சொன்னார்: “மாப்புள்ளைங்க, இன்னொருக்கா ஏதாச்சும் ஆச்சுன்னா லாரிய வித்துப்போட்டு ஏர் புடிக்க வந்துருங்க.”

அந்தச் சமயத்தில்தான் சேலத்தில் மோட்டார்க்காரர்கள் கூடி மைதானத்தில் ஒரு காட்சி வைத்தார்கள். அங்கே வருகிற லாரிகளில் ஒன்றைப் பொறுக்கி, ஏற்காட்டிலிருந்து காப்பிக்கொட்டை மூட்டை இறக்குகிற வேலையைக் கொடுக்கப்போவதாக ஓர் எஸ்டேட் மேனேஜர் சொல்லியிருந்தார். அது கிடைத்தால் வருஷம் பூராவும் நமக்கு ஓட்டம். பனமரத்துப்பட்டி ஏரியில் லாரியை இறக்கி, மாட்டைத் தேய்ப்பதுபோல வைக்கோலால் தேய்த்துக் கழுவினோம். சாமந்தி மாலை போட்டோம்.

மைதானத்தில் எத்தனை வண்டிகள். மிட்டாதாரர்களின் கார்கள், கதவெல்லாம் பித்தளை. தொட்டில் கட்டிய மோட்டார் சைக்கிள் ஒன்றில் ஒரு வக்கீல் தன் மனைவியை உட்கார வைத்துச் சுற்றிச் சுற்றி வந்தார். அந்தம்மாள் கண்ணைத் திறக்கவே இல்லை. நாமகிரிப்பேட்டைப் பெரியவர் ஒருவர் மாட்டுக்கு வயசு பார்ப்பதுபோல நம் லாரியின் முன்னால் குனிந்து, “ஏனுங்க, இது எத்தன பல்லுங்க?” என்று கேட்டார். நீ சிரிக்காமல், “இன்னும் பல்லு போடலீங்க, எளங்கன்னுங்க” என்றாய்.

பிறகு பெயர் கொடுக்கப் போனாய். அந்தக் கால் மணி நேரத்தில்தான் முதலாளிக்கு மூளை வேலை செய்தது. ஏரியில் கழுவியதிலிருந்து, நீ பிரேக்கை மிதித்தபோதெல்லாம் சக்கரம் கீச்சுக் கீச்சென்று கத்தியதே. வண்டிக்காரன் காதுக்குச் சக்கரம் கத்தினால் ஒரே அர்த்தம்தான்: அச்சு காய்ந்துவிட்டது. பக்கத்தில் நின்ற மாட்டு வண்டியின் அடியில், அச்சுக்குப் போடுகிற எண்ணெய்க் குழாய் தொங்கியது. அந்த வண்டிக்காரரிடம் கேட்டு வாங்கி, பின்சக்கரம் இரண்டுக்கும் உள்பக்கமாக, குழாய் காலியாகிறவரை விளக்கெண்ணெய் விட்டேன். உன்னிடம் சொல்லவில்லை. சத்தமில்லாமல் ஓடுவதைக் கண்டு நீயே வியக்கட்டும் என்று நினைத்தேன்.

சத்தமில்லாமல்தான் ஓடியது. மணல் மூட்டையோடு மேட்டிலிருந்து இறங்கி, மேனேஜரின் மேசைக்கு முன்னால் போட்ட சுண்ணாம்புக் கோட்டில் நிறுத்த வேண்டும், அதுதான் பரீட்சை. நான் மூட்டைமேல் நின்று கும்பிட்டுக்கொண்டு வந்தேன். கோடு வந்தது, போயிற்று. நீ சட்டென்று ஒடித்து, மேசைக்கு ஒரு முழம் தள்ளி, மைதானத்தைச் சுற்ற ஆரம்பித்தாய். ஜனங்கள் கை தட்டினார்கள். நீ வித்தை காட்டுகிறாய் என்றே நானும் நினைத்து, “பங்காளி, இன்னொரு சுத்து” என்று கத்தினேன். திரும்பிப் பார்த்தாயே ஒரு பார்வை. நான் மூட்டையைக் கட்டிப்பிடித்து உட்கார்ந்துவிட்டேன். மூன்றாவது சுற்றில், மாடுகளுக்குப் போட்டிருந்த வைக்கோல் போரில் கொண்டுபோய்ச் செருகி நிறுத்தினாய்.

மேனேஜர் வந்தார். பின்னாலேயே, காட்சி பார்க்க வந்திருந்த என் மாமனார். மேனேஜர் குனிந்து சக்கரத்தைத் தொட்டு விரலை முகர்ந்தார்.

“வெளக்கெண்ணெ. பிரேக்குல எவன்யா இத ஊத்துனது?”

நான் எண்ணெய்க் கையை வேட்டியில் துடைத்துக்கொண்டேன். நீ என்னைப் பார்த்தாய், மாமனாரைப் பார்த்தாய்.

“நாந்தானுங்க.”

“பிரேக்குக்கு எண்ணெ போடறவன என்ற மலைமேல ஏத்த மாட்டேன்” என்று சொல்லிவிட்டு அவர் போய்விட்டார். வேலை வேறொரு லாரிக்குப் போயிற்று. உனக்கு ‘விளக்கெண்ணெய் டிரைவர்’ என்ற பேர் வந்தது. பாலைவனத்தில் லாரி ஓட்டியவனை, நேற்று ஓட்டப் பழகிய பயல்கள்கூட அப்படித்தான் கூப்பிட்டார்கள். பக்கத்தில் நின்றுகொண்டே நான் பேசாமலிருந்தேன்.

பிரேக்கைத் துடைத்துச் சரிசெய்து ஊர் திரும்பும்போது, ஏன் அப்படிச் சொன்னாய் என்று கேட்டேன். “எனக்கு இன்னொரு வண்டி கெடைக்கும். உனக்கு இன்னொரு மாமனார் கெடைப்பாரா?” என்றாய். அப்புறம் நாமக்கல் வரைக்கும் சிரித்துக்கொண்டே ஓட்டினாய்.

லாரி தப்பித்தது. மலையேறாவிட்டாலும் கடலைக்காயும் பருத்தியும் ஏற்றிப் பிழைத்தோம். உன் கருமாதியன்றைக்குத்தான் எனக்குத் தைரியம் வந்தது. பந்தலில் மாமனார் பக்கத்தில் போய் உட்கார்ந்து உள்ளதைச் சொன்னேன்.

“தெரியுமுங்க மாப்புள்ளைங்க” என்றார். “அன்னிக்கு உங்க வேட்டியிலதான எண்ணெ இருந்துச்சு.”

“அப்பறம் ஏனுங்க மாமா ஒண்ணுமே கேக்கல?”

“உங்களுக்காக ஒருத்தன் அத்தன பேரு முன்னால பொய் சொல்றான். அப்பேர்ப்பட்ட கூட்டாளி இருக்கறப்ப லாரிய எதுக்கு விக்கோணும்னு உட்டுட்டேன்.”

உன் ஓட்டும் திறமையில் எனக்கு ஒன்றும் ஒட்டவில்லை, பங்காளி. மைதானத்தில் நீ சொன்ன அந்த ஒரு வார்த்தையை மட்டும் எடுத்துக்கொண்டேன். வீட்டில் பானை உடைந்தாலும், பால் பொங்கிக் கொட்டினாலும், யார் என்று கேள்வி வந்தால் நான் முந்திக்கொள்கிறேன். பெண்கள் மூவரும் இதைக் கண்டுபிடித்துவிட்டதால் இப்போது எல்லாம் என்னால்தான் உடைகிறது. போன வாரம் குமாரபாளையத்துக்கு லோடு கொண்டுபோய் இரண்டு நாள் கழித்து வந்தேன். வாசலிலேயே அவர்கள் அம்மா நின்றாள்.

“லாந்தர் கண்ணாடிய ஆரு ஒடச்சதுங்க?”

“நாந்தான்.”

“நேத்து சாயங்காலம் ஒடஞ்சிருக்குது. நீங்க குமாரபாளையத்துல இருந்தீங்க.”

“இருந்தாலும் நாந்தான்” என்றேன். கதவுக்குப் பின்னால் மூன்று பேர் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பது கேட்டது.