அந்தப் படத்தில் இருப்பது உங்கள் மட்டை இல்லை, அண்ணி

எங்கள் வீட்டுக்கு ஹாக்கி மட்டையோடு வந்து இறங்கிய ஒரே மருமகளே, என் அண்ணி,

நீங்கள் போய் ஒரு வருடம் ஆகப்போகிறது. வீட்டில் எல்லோரும் அழுது ஓய்ந்துவிட்டார்கள். நான் அழ உட்கார்ந்தால் அது பல்லைக் கடிப்பதில் போய் முடிகிறது. இந்தக் கடிதத்தை ஊரே படிக்கட்டும் என்றுதான் எழுதுகிறேன். அந்த மனிதரின் பெயரை உங்களுக்கு எழுதும் தாளில் எழுத எனக்கு மனமில்லை. செயலாளர் என்று மட்டும் சொல்கிறேன். எங்கள் மாவட்ட ஹாக்கி சங்கத்தில் வேறு யாரும் அந்த நாற்காலியில் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை.

படிக்கிறவர்களுக்கு உங்களைக் கொஞ்சம் சொல்லவேண்டும். கடத்தூரிலிருந்து ஏரியூருக்கு வாக்கப்பட்டு வந்தீர்கள். மறுவீட்டு விருந்து முடிந்த கையோடு என்னிடம் நீங்கள் கேட்ட முதல் கேள்வி, "இங்க கிரவுண்டு எங்க இருக்குது பாப்பா?" என்பதுதான். அம்மா வாயைப் பிளந்துவிட்டார்கள். "கல்யாணமான பொண்ணு அரை டவுசர் போட்டுக்கிட்டு ஓடுறதா?" என்று அண்ணனிடம் கேட்டார்கள். அண்ணன் பட்டுப்புழுவுக்கு இலை போட்டுக்கொண்டே, "முழு பேண்ட் போட்டுக்கிட்டு ஓடட்டும்மா" என்றார். அதோடு பேச்சு முடிந்தது. அண்ணன் அதற்குமேல் பேசி யார் கேட்டிருக்கிறார்கள்?

நீங்கள் நடுக்களத்தில் சென்டர் ஆஃப், நான் முன்வரிசையில் ஃபார்வர்டு. நீங்கள் பந்தை எடுத்துக் கொடுக்கும்போது அது என் மட்டைக்குத் தானாக வந்து சேரும். எதிரணிப் பெண்கள் எவ்வளவு வேகமாக அடித்தாலும், உங்கள் மட்டையில் பட்டதும் பந்து அப்படியே உட்கார்ந்துவிடும். அது மர மட்டை. மல்பெரி மரம். பஞ்சாப் பக்கத்திலிருந்து வருவது. நம் தோட்டத்தில் பட்டுப்புழுவுக்கு இலை பறிக்கும் அதே மல்பெரிதான். "புழுவுக்கு எலை, எனக்குக் கட்டை" என்று சொல்லிச் சிரிப்பீர்கள்.

செயலாளரின் மைத்துனர் தருமபுரியில் விளையாட்டுச் சாமான் கடை திறந்தாரே, அன்றைக்குப் பிடித்தது சனி. அடுத்த பயிற்சிக்கே செயலாளர் ஒரு கட்டு ஃபைபர் மட்டைகளோடு வந்துவிட்டார். கறுப்பும் பச்சையுமாகப் பளபளவென்று இருந்தன. இனிமேல் அணியில் எல்லோரும் இதைத்தான் வாங்கி ஆடவேண்டும் என்றார். நீங்கள் முரண்டு பிடிக்கவில்லை. ஒரு வாரம் அதை வைத்து ஆடிப் பார்த்தீர்கள். நான் உங்களை மெச்சிய இடம் அதுதான். பிறகு அவரிடமே போய்ச் சொன்னீர்கள்.

"நல்ல ஸ்டிக்குதாங்க. அடி பலமா போவுது. ஆனா நம்ம கிரவுண்டு செம்மண்ணும் சரளையுமா இருக்குது. பந்து எகிறி வருதுங்க. இதுல பட்டா தெறிச்சு ஓடுது. நிறுத்தி எடுத்துக் குடுக்கற என் வேலைக்கு மரம்தாங்க ஆவும். கோல் அடிக்கறவங்க இதுல ஆடட்டும்."

அவர் மற்ற பெண்கள் பக்கம் திரும்பிச் சிரித்தார். "அடுப்புல வெக்க வேண்டியதை எல்லாம் கிரவுண்டுக்கு எடுத்துக்கிட்டு வராதம்மா" என்றார்.

மாநிலப் போட்டிக்கான அணியில் உங்கள் பெயர் இல்லை. உங்களைவிட நல்ல சென்டர் ஆஃப் நம் மாவட்டத்தில் இருந்தாளா? ஒருத்தியைக் காட்டட்டும். என்னைச் சேர்த்திருந்தார்; நான் போகமாட்டேன் என்றேன். அதற்கு நீங்கள் என்னைத்தான் திட்டினீர்கள். "எனக்கு என்னா பாப்பா, அடுத்த வருஷம் ஆடிட்டுப் போறேன்" என்றீர்கள்.

அடுத்த வருடம் உங்களுக்கு வயிற்றில் கட்டி என்றார்கள். சேலத்து ஆஸ்பத்திரிக்கும் வீட்டுக்குமாக அண்ணன் அலைந்தார். மழை தொடங்குவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

நோய்க்கு நான் யாரையும் பழி சொல்லவில்லை. ஆனால் நீங்கள் கடைசியாக ஆடியிருக்கவேண்டிய போட்டி ஒன்று இருந்தது. உடம்பு நன்றாக இருந்தது, கால் ஓடியது, கை சொன்னபடி கேட்டது. அதை உங்களிடமிருந்து பிடுங்கியது நோய் இல்லை. ஒரு மனிதர், தன் மைத்துனரின் கடைக்காகப் பிடுங்கினார்.

சுடுகாட்டுக்கு எடுத்துப்போகும்போது அண்ணன் உள்ளே போய் உங்கள் மட்டையை எடுத்துவந்து உங்கள் பக்கத்தில் வைத்தார். யாரும் தடுக்கவில்லை. அதுவும் உங்களோடு எரியப்போகிறது என்று நினைத்தபோது, அண்ணி, எனக்கு அந்த ஆள் சொன்ன அடுப்பு வார்த்தைதான் காதில் கேட்டது. அழுதுகொண்டிருந்த எனக்கு அந்த இடத்தில் அழுகை நின்றுவிட்டது.

மூன்றாம் நாள் பால் ஊற்றிவிட்டு வரும்போது பேருந்து நிலையத்தில் கண்ணீர் அஞ்சலி பேனர் கட்டியிருந்தார்கள். சங்கத்தின் பெயரில் செயலாளர் வைத்தது. அணிச் சட்டையில் நீங்கள் சிரிக்கிறீர்கள். நான் என் போனில் எடுத்த படம்தான்; யாரிடமிருந்தோ வாங்கியிருக்கிறார். உங்கள் கையைப் பார்த்தேன். கறுப்பும் பச்சையுமாக ஒரு ஃபைபர் மட்டை. அதன்மேல் மைத்துனரின் கடைப் பெயர். மர மட்டையை அழித்துவிட்டு அதைக் கம்ப்யூட்டரில் ஒட்டியிருந்தார்கள். கீழே ஒரு ஓரத்தில் கடையின் போன் நம்பர்.

உயிரோடு இருந்தபோது நீங்கள் வேண்டாம் என்றதை, செத்தபிறகு உங்கள் கையில் திணித்துவிட்டார்.

நேராகப் போய்க் கேட்டேன். "அது அஞ்சலிம்மா, விளம்பரம் இல்ல. படம் நல்லா தெரியணும்னு டிசைன் பண்ற பையன் மாத்தியிருப்பான். இதையெல்லாம் பெரிசு பண்ணாத" என்றார். கருமாதி முடிந்ததும் பேனர் கழன்றது. கழன்று எங்கே போனது தெரியுமா? கடை வாசலுக்கு. அதன் கீழே புது மட்டைகளைச் சாய்த்து வைத்திருந்தார்கள். பிறகு, உங்கள் பெயரில் நினைவுக் கோப்பைப் போட்டி என்று அறிவித்தார். செலவு முழுக்கக் கடையுடையது.

அன்றைக்கு முடிவு செய்தேன். அந்தக் கோப்பையை வேறு யாரும் தொடக்கூடாது. அவர் முன்னால், அவர் அணியைத் தோற்கடித்து, நான் எடுக்கவேண்டும்.

அணி சேர்த்தேன். செயலாளர் கழித்துக்கட்டிய பெண்கள் நம் பக்கத்திலேயே நிறையப் பேர் இருந்தார்கள். சித்தேரியிலிருந்து மல்லிகா வந்தாள். மலைப் பேருந்தைத் தவறவிட்டால் பயிற்சி போச்சு என்பதால் பையைத் தலையணையாக வைத்துக்கொண்டு நம் வீட்டிலேயே தங்கிவிடுவாள். பெனால்டி கார்னரில் ஒருத்தி தள்ளிவிட்டு, இன்னொருத்தி நிறுத்திக் கொடுக்கும் பந்தை அவள் சுண்டினால் கண்ணுக்குத் தெரியாது. அவளிடம் ஒரு பழைய ஃபைபர் மட்டை இருந்தது.

முதல் நாளே சொல்லிவிட்டேன்: "நம்ம டீமுல எல்லாரும் மர ஸ்டிக்குதான். மரத்தால அடிச்சு அந்த ஆளை மண்ணைக் கவ்வ வெக்கணும்."

மல்லிகாதான் பேசினாள். "அக்கா, உங்க கோவம் நியாயம்தாங்க்கா. ஆனா அவரு ஃபைபர்தான்னாரு. நீங்க மரம்தாங்கறீங்க. எங்க கைக்கு எது வருதுன்னு நீங்களும் கேக்கலையே?"

கோபத்தில் மட்டையைப் போட்டுவிட்டு வீட்டுக்கு வந்துவிட்டேன். யோசித்து யோசித்துப் பார்த்தேன். நீங்களே 'கோல் அடிக்கறவங்க இதுல ஆடட்டும்' என்றவர்தானே? அதைவிட, அண்ணி, எனக்கு வேண்டியது என்ன? மரம் ஜெயிப்பதா, அவர் தோற்பதா? அவர் தோற்பதுதான். மறுநாள் போய் அவளவள் கைக்கு வருவதை எடுத்துக்கொள்ளச் சொன்னேன். பெருந்தன்மை என்று நினைத்துவிடாதீர்கள். ஜெயிக்கவேண்டும் என்ற வெறி.

நான் மட்டும் மரத்தில் ஆடினேன். உங்கள் இடத்தில், சென்டர் ஆஃபாக.

இறுதிப் போட்டி அவர் அணியோடுதான் வந்தது. பேனரைக் கடையிலிருந்து கொண்டுவந்து மேடைக்குப் பின்னால் கட்டியிருந்தார்கள். ஆட்டம் முழுக்க நீங்கள் அந்த மட்டையோடு என்னையே பார்த்துக்கொண்டிருந்தீர்கள். முதல் கோல் அவர்களுடையது. நான் தடுக்கப் போய் ஏமாந்தேன். செயலாளர் எழுந்து நின்று கைதட்டினார். இடைவேளைக்குப் பிறகு மல்லிகா ஒன்றைத் திருப்பிக் கொடுத்தாள். அப்புறம் இரண்டு பக்கமும் தள்ளுமுள்ளுதான். என் முழங்காலில் தோலே இல்லை.

முடியப்போகும் நேரத்தில் எங்களுக்கு ஒரு பெனால்டி கார்னர். கோட்டிலிருந்து தள்ளிவிட்ட பந்து சரளைக்கல்லில் பட்டு எகிறி வந்தது. நான் மட்டையைக் கிடையாக வைத்தேன். பந்து வந்து மோதியது. ஒரு விரற்கடைகூட நகரவில்லை. மல்லிகா அவள் ஃபைபரால் சுண்டினாள். வலையடிப் பலகையில் விழுந்த சத்தம் கேட்டபிறகுதான் கோல் என்றே எனக்குத் தெரிந்தது.

பரிசளிப்பில் செயலாளர் பல்லெல்லாம் தெரியச் சிரித்துக்கொண்டு கோப்பையை நீட்டினார். நான் கையை நீட்டவில்லை. மைக்கை வாங்கினேன்.

"கப்பு வாங்கறதுக்கு முன்னாடி ஒரு கேள்விங்க. இந்தப் படத்துல எங்க அண்ணி கையில இருக்கற ஸ்டிக் யாருதுங்க?"

"என்னம்மா இது, சந்தோஷமான நேரத்துல..."

"எங்க அண்ணி இதுல ஆட மாட்டேன்னு சொன்னதுக்குத்தான் டீம்லேர்ந்து தூக்குனீங்க. செத்தப்பறம் அவங்க கையிலயே குடுத்துட்டீங்க. நோகாம வித்துக்கிட்டு இருக்கறீங்க."

"செத்தவங்களை வெச்சு அரசியல் பண்ணாதம்மா!"

"நீங்க யாவாரம் பண்ணலாம், நான் அரசியல் பண்ணக் கூடாதாங்க?"

எனக்குப் பக்கத்தில் நின்ற அவர் அணியின் கோல்கீப்பர் தரையைப் பார்த்துக்கொண்டு, "நெசந்தான். எங்களையும் அப்படித்தான் வாங்க வெச்சாரு" என்று முணுமுணுத்தாள். மைக் அதையும் பிடித்து மைதானம் முழுக்கச் சொல்லிவிட்டது. அவர் முகத்தில் ரத்தமே இல்லை. அதை நான் ஆசைதீரப் பார்த்தேன். நீங்களும் பார்த்திருக்கவேண்டும்.

அப்போதுதான் அண்ணன் மேடையேறினார். இலை அறுக்கும் கத்தியால் பேனரின் கயிறுகளை ஒவ்வொன்றாக அறுத்தார். யாரும் கிட்டே போகவில்லை. உங்கள் முகம் மண்ணில் படாமல் தோளில் வாங்கிக்கொண்டு, சுருட்டி, வண்டியில் வைத்துக்கொண்டு போய்விட்டார்.

வீட்டுக்குப் போனபோது அதைக் கூடத்தில் விரித்துப்போட்டு, கத்தரிக்கோலோடு உட்கார்ந்திருந்தார். அந்த மட்டையை மட்டும் வெட்டி எடுத்துவிட்டு உங்களை வைத்துக்கொள்ள நினைத்திருக்கிறார்.

"முடியல பாப்பா" என்றார். "வெரலு அதைப் புடிச்சிருக்குது. அதை வெட்டுனா வெரலையும் சேத்து வெட்டணும்."

விரல்கள் உங்களுடையவை. அதுமட்டும் நிஜம். அண்ணன் அந்த ஓரத்தையே தடவிக்கொண்டிருந்தார். உங்களை எரித்த அன்றுகூட அவர் அப்படி உடைந்து நான் பார்க்கவில்லை. கோப்பை கிடைத்த சந்தோஷம் எனக்கு அந்த நொடியோடு தீர்ந்துவிட்டது. ஒரு கேள்வி கேட்டதும் ஒரு பேனரை அறுத்ததும் இதற்குப் போதுமா, சொல்லுங்கள்?

போன வாரம் சங்கத்திலிருந்து ஒருவர் சமாதானம் பேச வந்தார். சபையில் அவமானப்படுத்தியதற்கு நான் ஒரு வார்த்தை 'சாரி' சொன்னால் போதுமாம்; இல்லையென்றால் எங்கள் அணியைப் பதியமாட்டார்களாம். நான் வாய் திறப்பதற்குள், உங்களை அரை டவுசர் போடக்கூடாது என்ற அதே அம்மா, "சாரியா? எம் மருமவ உசுரோட இருக்கறப்ப அவரு இந்த வூட்டுக்கு வந்து சொல்லியிருக்கணும். நீங்க கெளம்புங்க" என்று விளக்குமாற்றை எடுத்துக்கொண்டார்கள்.

சங்கத் தேர்தல் வருகிறது, அண்ணி. செயலாளர் பதவிக்கு அவரை எதிர்த்து நான் நிற்கிறேன். மல்லிகா மலையிலிருந்து ஆள் திரட்டுகிறாள். அந்தக் கோல்கீப்பரும் எங்களோடு வருகிறாள். நீங்கள் இருந்தால், "விடு பாப்பா, போவுது" என்பீர்கள். இந்த ஒரு விஷயத்தில் உங்கள் பேச்சைக் கேட்கமாட்டேன்.

ஜெயித்தால், அணித் தேர்வுக்கு எந்தப் பெண் எந்த மட்டையோடு வந்தாலும் அவள் காலடியில் பந்தை வைத்து ஆடச் சொல்வேன். தோற்றால் அடுத்த முறையும் நிற்பேன். அதற்கடுத்த முறையும். அவர் இருக்கிற காலம்வரை அந்த நாற்காலியில் ஒருநாள்கூட நிம்மதியாகச் சாய்ந்து உட்காரமாட்டார். உங்கள்மேல் சத்தியம்.

மன்னிக்கத் தெரியாத உங்கள் நாத்தனார்,
கோமதி
ஏரியூர்