நீ பார்க்காமல் போன படத்துக்கு என் தீர்ப்பு

கூட்டாளி,

என் முன்னால் ஒரு டிக்கெட் கிடக்கிறது. ராவாங் தியேட்டரில் போன சனிக்கிழமை பகல் காட்சி. அதில் அச்சடித்த எல்லாவற்றையும் நானே படித்தேன். ஹால் நான்கு, வரிசை எஃப், இருக்கை ஒன்பது. வாசலில் நின்ற பெண் வழி காட்ட வந்தாள். வேண்டாம் என்று கையைக் காட்டிவிட்டு, அரை இருட்டில் நாற்காலி முதுகுகளைக் குனிந்து பார்த்துப் பார்த்துப் போய் என் இடத்தில் உட்கார்ந்தேன். எழுபத்திரண்டு வயதில் தன் நாற்காலியைத் தானே கண்டுபிடிக்கிற சந்தோஷம் உனக்குத் தெரியாது. நீ ஏழு வயதிலேயே படித்தவன்.

நீ போய்ச் சேர்ந்து ஒன்றரை வருசம் ஆகிறது. எனக்கு வருகிற தாள்களைப் படிக்க ஆள் இல்லாமல் போனது. அதனால்தான் கோயில் மண்டபத்தில் நடக்கிற வகுப்பில் சேர்ந்தேன். முதலில் தமிழ் எழுத்து. பிறகு மலாய் எழுத்து. பேச்சு மலாய் எனக்கு ஐம்பது வருசப் பழக்கம், எழுத்து மலாய் எட்டு மாதப் பழக்கம். இப்போது பஸ்ஸில் போனால் ஈஜோக் வரைக்கும் ஒரு பலகையை விடுவதில்லை. டயர் கடை, கோழிக்கடை, பல் டாக்டர், எல்லாம் என்னோடு பேசுகின்றன. இந்த மடலையும் நானே எழுதுகிறேன். ஒரு பக்கத்துக்கு ஒரு காலைப்பொழுது ஆகிறது. ஆகட்டும்.

நான் பார்த்தது நாம் டிவியில் விளையாடின விளையாட்டைப் படமாக எடுத்தது. உன் மகள் செல்வியின் போனில் அது வரப்போகிறது என்று முதன்முதலில் பார்த்தபோது நீ சொன்னாய்: "வரட்டும். போய்ப் பாத்துட்டு வெளுத்து வாங்கலாம்." எஸ்டேட்டில் இருந்த காலத்திலிருந்து உனக்கு அந்தப் பழக்கம் உண்டு. படம் முடிந்து வெளியே வந்தால் பத்துக்கு இத்தனை என்று தீர்ப்புச் சொல்ல வேண்டும், காரணமும் சொல்ல வேண்டும். "படம் பாத்தவன் தீர்ப்பு சொல்லணும். இல்லாட்டி அவன் நாற்காலிக்குப் பாரம்" என்பாய்.

செல்விதான் என்னைக் கூட்டிப் போனாள். செரண்டா தொழிற்சாலையில் அன்றைக்கு அவளுக்கு வேலை இல்லை. "அப்பாவுக்குப் பதிலா நீங்க வாங்க மாமா" என்றாள்.

அந்த விளையாட்டை நாம் விளையாடிய விதத்தை வேறு யாரிடமாவது சொன்னால் சிரிப்பார்கள். செல்வி தனக்கென்று வாங்கிய விளையாட்டுப் பெட்டி அது. அவள் வேலைக்குப் போன நேரத்தில் ஃபிளாட்டின் கீழ்மாடியில் உன் வீட்டு ஹாலில் நாம் இருவரும் உட்கார்ந்துகொள்வோம். சிவப்பு மண் நிறைந்த ஏதோ ஒரு கோள். அங்கே உயரமான தண்டுகளில், நம் எஸ்டேட்டின் எண்ணெய்ச் செம்பனை போல, வெளிச்சமாகக் குலை தொங்கும். நீண்ட கம்பில் கத்தி கட்டி வெட்ட வேண்டும். வேலைக்காரர்களுக்குத் தகரத்தில் வரிசையாக அறைகள். காலையில் நம் ஊர் பெரட்டு போலவே வரிசையில் நிற்க வைத்து ஆள் எண்ணுவார்கள். "ஏய், இது நம்ம லயம்டா" என்று நீ முதல் நாளே சொல்லிவிட்டாய். நடப்பதும் வெட்டுவதும் என் கை. திரையில் வருகிற இங்கிலீஷ் எழுத்தைப் படிப்பது நீ.

தொடக்கத்திலேயே கம்பெனிக் கப்பலிலிருந்து ஒரு குரல் வரும். அடுத்த உத்தரவு வரும்வரை அங்கேயே இருங்கள் என்று. நாம் இருந்தோம். பதினோரு நாள். தினமும் பெட்டியைப் போடுவோம், பெரட்டில் நிற்போம், குலை வெட்டுவோம், உத்தரவுக்குக் காத்திருப்போம், பெட்டியை அணைப்போம். பன்னிரண்டாம் நாள் செல்வி எட்டிப் பார்த்தாள்.

"என்னப்பா, இன்னும் மொத எடத்துலயே நிக்கிறீங்க?"

"உத்தரவு வரல லா."

"அது வராதுப்பா. அந்தக் கதவ ஒடச்சிட்டு வெளிய போகணும். அதான் கேமே."

"கம்பெனி சொல்லாம எப்படிம்மா போறது?"

அவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். நீயும் சிரித்தாய். நான் மட்டும் கொஞ்சம் தாமதமாகச் சிரித்தேன், ஏனென்றால் எனக்கும் அதே கேள்விதான் இருந்தது.

இனி படத்தைப் பற்றி. பத்துக்கு மூன்று. காரணம் கேள்.

விளையாட்டில் ஒரு வேலைக்காரன் மத்தியானத்தில் கல்மேல் உட்கார்ந்து சப்பாத்தைக் கழற்றி மண்ணைக் கொட்டுவான். அதை நாம் எத்தனை தடவை நின்று பார்த்திருப்போம். படத்தில் அவன் இல்லை. அவன் மட்டுமல்ல, வேலைக்காரர்கள் யாருக்கும் முகமே இல்லை, கூட்டமாக ஓடுகிறார்கள், கூட்டமாகக் கத்துகிறார்கள். கதாநாயகன் வெள்ளைச் சட்டையில் வருகிறான். சிவப்பு மண்ணில் இரண்டு மணி நேரம் புரண்டு சண்டை போடுகிறான், சட்டை வெள்ளையாகவே இருக்கிறது. குலை வெட்டுவது ஒரே ஒரு தடவை வருகிறது. வெட்டுகிறவன் குலைக்கு நேர் கீழே நிற்கிறான். நம் எஸ்டேட்டில் அப்படி நின்றவன் மறுநாள் பெரட்டுக்கு வந்திருக்க மாட்டான். கப்பல் பறக்கிற சத்தத்துக்கு ஒரு மார்க், அந்தக் கோளின் சாயங்கால வானத்துக்கு இரண்டு மார்க். அவ்வளவுதான்.

ஆனால் கடைசிக் காட்சிக்குத்தான் இந்த மடல்.

உனக்கு நினைவிருக்கும். கம்பெனிக்காரர்கள் கைவிட்டுப் போய்விடுவார்கள். நிலம் பிளக்கும். பன்னிரண்டு பேர் போகிற சின்னக் கப்பல் ஒன்றில் நாம் உள்ளே இருப்போம். வெளியே முப்பது பேர் கதவைத் தட்டுவார்கள். அந்த விளையாட்டை நாம் நான்கு தடவை முடித்தோம். நான்கு தடவையும் அந்த இடத்தில் நீ என் கையிலிருந்து கருவியை வாங்கிக்கொண்டாய்.

"இங்க குடு. இங்க என்னமோ எழுதியிருக்கு."

"என்னா எழுதியிருக்கு?"

"கப்பலைக் கெளப்புன்னு எழுதியிருக்கு. வேற வழியில்ல."

நீ பொத்தானை அழுத்துவாய். கப்பல் எழும்பும். தட்டுகிற சத்தம் நின்றுபோகும்.

படத்தில் அந்த இடம் வந்தது. கதாநாயகன் முன்னால் ஒரு பலகை, அதில் இரண்டு பொத்தான்கள். கீழே மலாய் எழுத்து ஓடியது. பாதி எழுத்து நான் படிப்பதற்குள் ஓடிவிடும். இது ஓடவில்லை, நின்றது. கதவைத் திறக்கவா, புறப்படவா? எழுத்துக் கூட்டிப் படித்தேன். கேள்வி ஒன்று, பதில் இரண்டு.

அவன் திறந்தான். முப்பது பேரும் உள்ளே வந்தார்கள். கப்பலில் எப்படியோ இடம் இருந்தது. எல்லாரும் ஒரு பச்சைக் கோளில் இறங்கிச் சிரித்தார்கள். தியேட்டரில் கை தட்டினார்கள். நான் செல்வியின் பக்கம் திரும்பி, "விளையாட்டுலயும் இப்படி ரெண்டு இருக்கா?" என்று கேட்டேன்.

"இருக்கே மாமா. உங்களுக்குத் தெரியாதா?"

மறுநாள் அவள் வீட்டில் பெட்டியைப் போடச் சொன்னேன். கதவைத் தட்டுகிற அந்தக் கடைசி இடத்துக்கே கொண்டுபோய் நிறுத்தினாள். இரண்டு இங்கிலீஷ் சொற்கள். ஒன்று ஓப்பன், எல்லாக் கடையின் கண்ணாடிக் கதவிலும் தொங்குவது. மற்றது கோ, இரண்டே எழுத்து. நான் ஓப்பனை அழுத்தினேன். முப்பது பேர் உள்ளே வந்தார்கள். மூச்சுக்காற்றின் அளவைக் காட்டும் முள் இறங்கியது. கப்பல் ஓர் ஆள் உயரம் எழும்பி விழுந்தது. திரை கறுத்தது.

செல்வி மெதுவாகச் சொன்னாள்: "அப்பா ஒரு தடவ இத அழுத்திப் பாத்தாரு. நீங்க கண் ஆபரேசனுக்குப் போயிருந்தீங்களே, அப்ப. எல்லாரும் செத்துட்டாங்கன்னு ரெண்டு நாளு சரியாச் சாப்பிடல."

ஆக, இரண்டு வழி இருந்தது உனக்குத் தெரியும். படம் பொய் சொல்கிறது, கதவைத் திறந்தால் யாருக்கும் எதுவும் ஆகாது என்று. நீயும் பொய் சொன்னாய், கதவே இல்லை என்று. படத்துக்கு மூன்று மார்க் போட்டேன். உனக்கு எத்தனை போடுவது என்று அங்கேயே உட்கார்ந்து யோசித்தேன். ஏனென்றால் நீ சொன்ன அந்தச் சொல்லை, 'வேற வழியில்ல' என்பதை, நான் உன் வாயிலிருந்து அதற்கு முன்பும் கேட்டிருக்கிறேன்.

எஸ்டேட் விற்ற வருசம். நீ தொழிலாளர் கமிட்டித் தலைவர். கம்பெனி ஆபீசிலிருந்து தாளோடு வந்து, மாரியம்மன் கோயில் முன்னால் எங்கள் எல்லாரையும் உட்காரவைத்துச் சொன்னாய்: "ஃபிளாட்டு வீடு குடுக்கிறாங்க. வேற வழியில்ல." நாற்பது குடும்பம் வரிசையில் வந்து கைநாட்டும் கையெழுத்தும் போட்டோம். என் கட்டை விரலைப் பிடித்து மையில் வைத்ததே நீதான். என் வீட்டுக்காரி இரண்டு மாடுகளை விற்றுவிட்டு நான்காவது மாடிக்கு ஏறினாள். முழங்கால் வலியில் கீழே இறங்குவதே குறைந்துபோனது. மூன்று வருசம் சன்னலில் உட்கார்ந்து கார் நிறுத்துகிற இடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மாதம் ஒரு தடவையாவது என்னைக் கேட்பாள்: "நெசமாவே வேற வழி இல்லையாங்க?" "இல்லடி" என்பேன். அந்தப் பதிலோடுதான் போய்ச் சேர்ந்தாள்.

புதன்கிழமை பஸ் ஏறி ஈஜோக் போனேன். அப்போது கமிட்டியில் செயலாளராக இருந்த சுப்பையாவைப் பார்த்தேன். செம்பனை ஓலை வெட்டிக்கொண்டிருந்தவர் கையைத் துடைத்துக்கொண்டு வந்தார். நேராகவே கேட்டேன்.

"ரெண்டு வழி இருந்துச்சு" என்றார், இத்தனை வருசமாக யாராவது கேட்பார்கள் என்று காத்திருந்த மாதிரி. "லயத்த விட்டு நகர மாட்டோம்னு இருந்து கோர்ட்டுக்குப் போகலாம். நெலத்தோட வீடு கெடச்சாலும் கெடைக்கும். ஆனா தண்ணியும் கரண்டும் வெட்டிடுவாங்க. எத்தன வருசமோ."

"ஏன் எங்ககிட்ட சொல்லல?"

"ஒங் கூட்டாளிதான் வேணாம்னாரு. சொன்னா ஆளாளுக்கு அடிச்சுக்குவாங்க, புள்ளகுட்டிங்க தண்ணியில்லாம சாவும்னாரு. நல்லதுக்குத்தான் சொன்னாரு."

நல்லதுக்குத்தான். இருக்கலாம். அந்த வீடு குலுக்கலில் உனக்குக் கீழ்மாடி வந்ததைப் பற்றி நான் ஒன்றும் சொல்ல வரவில்லை. குலுக்கல் என்றால் குலுக்கல்தான். சுப்பையா கொடுத்த காப்பியைக் குடித்துவிட்டு வந்தேன்.

திரும்பி வருகிற வழியில் ஒரு பலகையும் படிக்கவில்லை. ஒன்றைத்தான் யோசித்தேன். நீ எங்களிடம் இரண்டையும் சொல்லியிருந்தால் நான் எதைக் கேட்டிருப்பேன்? அநேகமாக ஃபிளாட்டைத்தான். என் வீட்டுக்காரி அந்த முழங்காலோடு வாளி வாளியாகத் தண்ணீர் சுமக்க முடியாது. நானும் கோ பொத்தானைத்தான் அழுத்தியிருப்பேன், கூட்டாளி. ஆனால் அழுத்தியது என் விரல் என்று எனக்குத் தெரிந்திருக்கும். அவள் கேட்டபோது, இருந்துச்சு, ஒன் முழங்காலுக்காக இத எடுத்தேன் என்று சொல்லியிருப்பேன். திட்டியிருப்பாள். திட்டிவிட்டு மறுபடி என் பக்கத்தில் உட்கார்ந்திருப்பாள். அந்தத் திட்டை நீ என்னிடமிருந்து எடுத்துக்கொண்டாய். உன் பொய்யை என் வாயால் அவளிடம் சொல்ல வைத்தாய். அதுதான் எனக்கு ஆறவில்லை. இறந்தவனிடம் சண்டை போடுவது எவ்வளவு கசப்பு என்று இப்போது தெரிகிறது. நான் எத்தனை எழுதினாலும் நீ ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசப் போவதில்லை.

உன் வேலை இப்போது என்னிடம் வந்துவிட்டது. ஃபிளாட்டில் எழுத்து தெரியாத நான்கைந்து பேர் தாள்களை என்னிடம் கொண்டுவருகிறார்கள். நேற்றுக் காலை இரண்டாம் மாடி முனியம்மா வந்தாள். சர்க்கரை வியாதிக்காரி. ஆஸ்பத்திரித் தாள். தேதி, நேரம் படித்தேன். அதற்குக் கீழே, கால் விரல் ஆறாவிட்டால் அதை எடுப்பது பற்றி டாக்டர் பேசுவார், வேறு மருத்துவம் செய்து பார்ப்பது பற்றியும் பேசுவார், வீட்டில் கலந்து பேசிவிட்டு வரவும் என்று இருந்தது. என் நாக்கு அந்த வரியின் முன்னால் நின்றது. அப்போது உன்னைக் கொஞ்சம் புரிந்தது. கொஞ்சம்தான். படித்தேன்.

முனியம்மாவின் முகம் செத்துப் போயிற்று.

"அந்த எடத்த நீ படிக்காம விட்டிருக்கலாம் லா" என்றாள். "ஒங் கூட்டாளி இருந்தா விட்டிருப்பாரு. அவரு படிச்சா மனசு லேசா இருக்கும்."

"ஆமா, விட்டிருப்பான்."

சேலை முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். எழுந்து போய்விடுவாள், இனி என்னிடம் வர மாட்டாள் என்று நினைத்தேன். அவள் போகவில்லை. நாற்காலியை இழுத்து எனக்குப் பக்கத்தில் போட்டாள்.

"திருப்பிப் படி. மெதுவா. ரெண்டாவதா என்னமோ சொன்னியே, அது என்னா?"

மெதுவாகப் படிப்பது ஒன்றுதான் எனக்கு நன்றாக வரும். முதல் வரியிலிருந்து விரல் வைத்துப் படித்தேன். ஒவ்வொரு வரிக்கும் அவள் ஒரு கேள்வி கேட்டாள், தெரிந்ததைச் சொன்னேன், தெரியாததைத் தெரியாது என்றேன். கோயில் முன்னால் உட்கார்ந்திருந்த நாற்பது குடும்பமும் இப்படித்தான் கேட்டிருக்கும், கூட்டாளி. நாங்கள் அடித்துக்கொண்டிருக்க மாட்டோம். திருப்பிப் படி என்றுதான் சொல்லியிருப்போம்.