கூடை அகலத்துக்கு ஒரு பாலம்

ஐப்பசி, 1943

மகன் நாகரத்தினத்துக்கு அப்பா எழுதிக்கொள்வது. இங்கே நான் கை கால் சுகத்தோடு இருக்கிறேன், சயாமில் ரயில் ரோடு போடுகிற இடத்தில் நீயும் அப்படியே இருக்க முனீஸ்வரன் துணை நிற்கட்டும். மூன்று மாத வேலை என்று ஜப்பான்காரன் உங்களைக் கூட்டிப்போய் இது ஆறாவது மாதம், ஒரு வரி வரவில்லை. சயாமுக்குப் போகிற ஆள் ஒருவர் தானா ராத்தா டவுனில் இருக்கிறாராம், அவரிடம் கொடுப்பதாக நம் தோட்டத்துக் கணக்கெழுதும் கிராணி ராஜநாயகம் சொன்னார், அந்த நம்பிக்கையில் எழுதுகிறேன். மரவள்ளிக்கிழங்குதான் சாப்பாடு. இன்னமும் கை மறந்து இரண்டு பேருக்கு அவித்துவிடுகிறேன், மிச்சத்தை மறுநாள் தின்கிறேன். உன் அம்மா போனபோதுகூட வீடு இப்படி வெறிச்சென்று கிடந்ததில்லை, அப்போது நீ இருந்தாய்.

நம் லயத்து வீடுகளுக்கு ஆற்றைத் தாண்டி வரும் பழைய மரப்பாலம் போன மழையில் ஒரு பக்கம் சாய்ந்துவிட்டது. காய்ச்சல்காரர்களை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வழியில்லை. தோட்டத்து வெள்ளைக்காரத் துரை ஓடிப்போய் இரண்டு வருஷமாகப் போகிறது, யார் கட்டித் தருவார்கள், நாமே கட்டுவோம் என்று லயமே கிளம்பியது. ஆண்கள் காட்டில் மரம் வெட்டினோம், பெண்கள் கல் சுமந்தார்கள், ஆணி கிடைக்காததால் பிரம்பால் கட்டுவது என்று முடிவானது. பழையபடி லாரி போகும் அகலத்துக்கு நான்தான் கயிறு பிடித்து முளை அடித்தேன். மறுநாள் பக்கத்து வீட்டுத் தங்கம்மா வந்து, “எனக்கு ரெண்டு பயலுக இருக்கானுங்கண்ணே, லோரி வாசலுக்கு வர்றதுக்கா பாலம் கட்டுறீங்க” என்று கேட்டாள். தேயிலைக் கொழுந்துக் கூடை சுமந்த இரண்டு பெண்கள் எதிரெதிரே உரசாமல் போகிற அகலம் போதும், தூளி கட்டி நோயாளியைத் தூக்கிப்போகலாம், ஆள் பிடிக்க வரும் லாரி அக்கரையிலேயே நிற்கும், ஜப்பான்காரர்கள் இறங்கி நடந்து வருவதற்குள் பிள்ளைகள் காட்டுக்குள் போய்விடலாம் என்றாள். ஏன் இத்தனை ஒடுக்கம் என்று அவர்கள் கேட்டால் மரம் கிடைக்கவில்லை என்று சமாளித்துக்கொள்வதாகக் கிராணியும் சொன்னார்.

நான்தான் ஒத்துக்கொள்ளவில்லை. அவளைக் கோபமாகப் பேசிவிட்டு வந்தேன். உன்னைக் கொண்டுபோன லாரியே உன்னைத் திருப்பிக் கொண்டுவந்து வாசலில் இறக்கும் என்று நான் எண்ணியிருந்ததை அவர்களிடம் எப்படிச் சொல்வது. இரண்டு நாள் சுருண்டு படுத்துக் கிடந்தேன். நீ போன நாள்தான் கண்ணுக்குள் நின்றது. அந்த லாரியின் சக்கரம் பாலத்தின் உளுத்த பலகையில் சிக்கியபோது, பிள்ளைகள் மேலே உட்கார்ந்திருக்கிறார்களே என்று ஓடிப்போய்ப் பலகை கொடுத்துத் தள்ளிவிட்டது நான்தானே. நீகூட, “விடுங்கப்பா, கையில அடிபட்டுரும்” என்றாய். மூன்றாம் நாள் போய் என் முளைகளை நானே பிடுங்கினேன். தங்கம்மாவின் கூடையையும் இன்னொருத்தியின் கூடையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து அளந்தேன். நேற்று பாலம் முடிந்தது, எல்லோரும் நடந்து பார்த்தார்கள். நான் மட்டும் இன்னும் கடக்கவில்லை.

தண்ணீரைக் கொதிக்க வைத்துக் குடி, ஈரத் துணியோடு படுக்காதே. இதைப் படித்ததும் கிழித்துவிடு, மறக்காதே. சாமி உன்னைக் கைவிடாது, நீ நன்றாக இருப்பாய். நீ வரும்போது லாரி அக்கரையோடு நின்றுவிடும், அப்பா இப்படிச் செய்துவிட்டாரே என்று நினைக்காதே. அங்கே இறங்கி ஒரு சத்தம் கொடு. நடக்க முடியாமல் வந்தாலும் வெட்கப்படாதே ராசா, உன்னை முதுகில் சுமந்து வர அந்த அகலம் போதும்.

உன்னையே நினைத்திருக்கும் அப்பா,
இருளப்பன்