மேஸ்திரி வைத்த பெயர்

அன்பு மகள் இப்திசாமுக்கு அப்பா எழுதுவது. அல்லாஹ்வின் கருணையால் நானும் உன் அம்மாவும் நலம், என் மூட்டுவலியும் என்னோடு நலமாக இருக்கிறது, குவைத்தில் நீ நலமா. இது யாரையும் கெஞ்சி எழுதி வாங்கியது அல்ல, எல்லா எழுத்தும் என்னுடையது, மூன்று நாளாக எழுதுகிறேன். உன் அம்மா முலூக்கியாக் கீரையை நறுக்கிக்கொண்டே "அந்தத் தாள் என்ன பாவம் பண்ணுச்சு, இப்படி அழுத்துறீங்க" என்கிறாள்.

போனில் நீ சொன்னதையே நினைத்துக்கொண்டிருக்கிறேன். உன் மேலாளர் எல்லார் முன்னாலும் நம் நைல் கரைப் பேச்சைப் பேசிக் காட்டி "எருமைக்காரி வந்துட்டா" என்பதும், நீ புகார் சொன்னதும் கம்பெனியில் ஒரு தாளை நீட்டி ஞாயிற்றுக்கிழமைக்குள் கையெழுத்துக் கேட்பதும். "ஒரு தாள்தானேப்பா, போட்டுட்டா விட்டுருவாங்க" என்றாய்.

எனக்கு நூற்பாலை ஞாபகம் வந்துவிட்டது. ஷெனூதாவை நினைவிருக்கிறதா, எனக்கு அடுத்த எந்திரத்தில் நின்றவர், மீசையெல்லாம் பஞ்சு, உனக்கு எள்ளு மிட்டாய் கொண்டுவருவார். எங்கள் இருவருக்கும் எழுத்து வாசிக்கத் தெரியாது, ஆனால் அந்தச் சத்தத்தில் உதட்டை வாசித்தே நாளெல்லாம் சிரிப்போம். எப்பேர்ப்பட்ட நாட்கள் அவை. ஒன்றை மட்டும் உன்னிடம் சொன்னதில்லை. மேஸ்திரி எனக்கு வைத்த பெயர் கைநாட்டு. மைப்பெட்டியைத் தூக்கிக் காட்டி "ஏய் கைநாட்டு, விரலக் கொண்டாடா" என்பார், ஆலையே சிரிக்கும். பதினோரு வருடம். ஷெனூதா மட்டும் என் பெயரைச் சொல்லி மெத்வல்லி என்றே கூப்பிடுவார். ஒருநாள் அவரோடு போய்ப் புகார் சொன்னேன், ஆபீசில் எழுதி என் விரலை வாங்கிக்கொண்டு நகல் தந்தார்கள். ஒன்றும் நடக்கவில்லை. புகார் மேலிடத்தில் தூங்குகிறது என்றிருந்தேன், ஆனாலும் புகார் கொடுத்தவன் என்ற பெருமையில் நகலைப் பத்திரமாக வைத்திருந்தேன். போன வாரம், இந்த வயதில் நான் போகிற எழுத்து வகுப்பில், அவரவர் வீட்டிலிருந்து ஒரு பழைய தாளைக் கொண்டுவந்து வாசிக்கும்படி டீச்சர் சொன்னார், நான் அந்த நகலையே கொண்டுபோய் எழுத்துக் கூட்டினேன். "எல்லாம் நண்பர்களுக்குள் விளையாட்டு, எனக்குப் புகார் எதுவும் இல்லை." கீழே என் விரல். முதலில் வாசித்துவிட்டேனே என்ற சந்தோஷம்தான் வந்தது மகளே, வீட்டுக்கு வரும் வழியில்தான் அழுதேன். ஷெனூதா உயிரோடு இருந்திருந்தால் "மெத்வல்லி, நம்ம விரலே நம்மளக் காட்டிக் குடுத்துருச்சே" என்று சிரித்திருப்பார்.

உன் தாளை நிதானமாக வாசி. விளையாட்டு என்ற சொல் அதில் இருந்தால் கையெழுத்துப் போடாதே. அவர் சொன்னதை, சொன்ன நாளை, கேட்டவர்கள் பெயரை உன் கையால் எழுதி மேலே உள்ளவர்களிடம் கொடு, நகலில் அவர்கள் கையெழுத்தை வாங்கிக்கொள். வேலை போனால் போகட்டும், உன் கட்டில் அப்படியே கிடக்கிறது. அல்லாஹ் உன் நாவுக்கும் கைக்கும் பலம் தரட்டும். தபால் நேரத்துக்கு வந்து சேராது, இதைப் போனில் படம் எடுத்து அனுப்பச் சொல்கிறேன், ஞாயிற்றுக்கிழமையை மறக்காதே.

இப்படிக்கு உன் அப்பா,
மெத்வல்லி

பெயருக்குக் கீழே இருப்பது விரல் ரேகை அல்ல, மை சிந்திவிட்டது.