பூட்டை அறுக்கச் சொன்னது யார்

அன்பு மகளுக்கு,

சித்தப்பா எழுதுவது. நலம் என்று எழுதக் கை வரவில்லை. உன் அம்மா ஒரு வேளையாவது சாப்பிடுகிறார், நான் வேலைக்குப் போய் வருகிறேன், அவ்வளவுதான். நீ பட்டினி கிடக்காதே.

அப்பாவை அடக்கம் செய்த மறுநாள் பஸ் ஏறும்போது, பூட்டை அறுக்கச் சொன்னது யார் என்று கேட்டாய். பெட்டியை ஏற்றுகிற சாக்கில் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். விசாரணையில் பேசிவிட்டேன், இனி உன்னிடம் மறைக்க ஒன்றுமில்லை. எங்கள் சோப்பு ஆலையில் கலவைத் தொட்டியைச் சுரண்ட இறங்குகிறவன் ஸ்விட்சை அணைத்து, தன் பெயர் போட்ட சிவப்புப் பூட்டை அதில் மாட்டி, சாவியைப் பையில் வைத்துக்கொண்டுதான் இறங்குவான். அவன் வந்து திறக்கும்வரை முதலாளியே வந்தாலும் மெஷின் ஓடக்கூடாது. உன் அப்பாவுக்கு அதில் தாங்க முடியாத பெருமை. "நீ இன்ஜினியர்தான்டா, ஆனா இது தொங்குற வரைக்கும் இங்க நான்தான் ராஜா" என்று என்னைச் சீண்டுவார். சிலர் பூட்டை மறந்து வீட்டுக்குப் போய்விடுவதும் உண்டு. அப்போது ஆளைப் போனில் பிடித்து, அவன் குரலைக் கேட்ட பிறகே அறுக்க வேண்டும். நாளாக ஆக, போன் அடித்துப் பார்த்தாலே போதும் என்று ஆகிவிட்டது. அன்று வேலை முடித்து மேலே வந்த அண்ணன், மூலையில் இன்னும் ஒட்டியிருக்கிறது என்று மறுபடி இறங்கியிருக்கிறார், யாரும் பார்க்கவில்லை. தொட்டிக்குள் போன் கொண்டுபோகக் கூடாது, அது உடைமாற்றும் அறையில் அடித்துக்கொண்டே இருந்திருக்கிறது. வீட்டுக்குப் போய்த் தூங்குகிறார் என்று நினைத்து, பூட்டை அறுத்து மெஷினை ஓடவிட்டுவிட்டார்கள்.

அறுத்தது நெட்டையன், நம் வீட்டில் ஃபேன் மாட்டிக் கொடுத்த ஃபிட்டர். போனை எடுக்கவில்லை, என்ன செய்யட்டும் என்று அவன் வயர்லெஸ்ஸில் கேட்டதும், மேனேஜர், "லைன் ஓடணும்ப்பா, சீக்கிரம்" என்றதும் அடுத்த ஷெட்டில் என் காதிலும் விழுந்தது. எந்தப் பூட்டு என்று எனக்குத் தெரியாது. அறு என்று அவர் சொல்லவில்லை, அறுக்காதே என்றும் சொல்லவில்லை. விசாரணையில், "நான் அறுக்கச் சொல்லவே இல்லையே" என்று கை கழுவிவிட்டார். அதற்கு முன்பே வீட்டுக்கு வந்து, ஃபிட்டர் தானாகச் செய்தது என்று நான் சொன்னால் ஆலை வீட்டிலேயே நாம் இருக்கலாம் என்று உன் அம்மாவிடம் நைசாகச் சொன்னார். எனக்கும் நெட்டையன் கழுத்தை நெரிக்க வேண்டும் போலத்தான் இருந்தது. அண்ணி ஒன்றே ஒன்று கேட்டார், "அவனாவே அறுத்தானா?" இல்லை என்றேன். "அப்ப கேட்டதைச் சொல்லிட்டு வாங்க. வீடு போனாப் போகுது." சொன்னேன். மேனேஜர் இன்றும் அதே நாற்காலியில் இருக்கிறார், நெட்டையன் வேலை போய் வீட்டில் கிடக்கிறான், நாங்கள் பாத்திரங்களைக் கட்டிக்கொண்டிருக்கிறோம்.

உன்னை லேபில் சூப்பர்வைசர் ஆக்கியிருக்கிறார்கள் என்று நீ எழுதியதை அப்பா கேன்டீன் முழுக்கப் படித்துக் காட்டினார், அதனால் சொல்கிறேன். ஒருவனை ஏவினால் முழுதாக ஏவு. அவன் மாட்டிக்கொண்டால் சொன்னது நான்தான் என்று எழுந்து நில். அது முடியாதென்றால் பதவியை இன்றே திருப்பிக் கொடுத்துவிடு, நமக்கு வேண்டாம்.

அப்பாவின் சட்டையோடு சாவி மட்டும் வந்தது. அண்ணி அதைத் தாலியைப் போலக் கைக்குள்ளேயே வைத்திருக்கிறார், கேட்டாலும் தருவதில்லை.

நீ நன்றாக இரு, நிமிர்ந்து இரு. ஒன்றை மட்டும் மறக்காதே. அம்மா கூப்பிட்டால் போனை எடு. மணி அடித்துக்கொண்டே இருந்தால் அவர் செருப்பை மாட்டிக்கொண்டு வாசலில் இறங்கிவிடுகிறார். எவ்வளவு வேலை இருந்தாலும் "ம்" என்றாவது சொல்லிவிட்டு வை. குரல் கேட்டால் போதும்.

உன்
சித்தப்பா