ஆறு வாரச் சீட்டு

மார்ச் 4, செவ்வாய்

பிசியோதெரபி பெண் இன்று கடைசியாக வந்துபோனாள். பதினான்கு மாதம் ஆகிவிட்டது, வந்தது வந்ததுதான், இனி இருப்பதை வைத்துப் பழகிக்கொள்ள வேண்டும் என்று பெரிய டாக்டர் சொல்லிவிட்டாராம். புறப்படும்முன் வழக்கம்போல் என் வீட்டுக்காரருடைய வலது கையில் குண்டூசியால் மெல்லக் குத்தி, "தெரியுதா சார்?" என்று கேட்டாள்.

"சரி" என்றார்.

அந்த ஒரு வார்த்தைதான் அவரிடம் மிச்சம். இருபத்துமூன்று வருடம் டிரைவிங் ஸ்கூல் காரில் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து, நாள் முழுக்கத் தொண்டை கட்டப் பேசிய மனுஷன். பக்கவாதம் வந்த பிறகு பசித்தாலும் சரி, வலித்தாலும் சரி, வேண்டாம் என்பதற்கும் அதே சரி.

அவள் குண்டூசியை ஜன்னல் ஓரத்தில் மறந்து வைத்துவிட்டுப் போய்விட்டாள். அவள் படியிறங்கியதும் அழுகை வரும் என்று நினைத்தேன். வரவில்லை. டீ போட்டுக் குடித்தேன். சர்க்கரை போட்டேனா என்று குடித்த பிறகும் தெரியவில்லை.

மார்ச் 5, புதன்

வேலைக்குப் போனேன். வந்தேன்.

மார்ச் 7, வெள்ளி

சபையின் ஞாயிறு தாளை டைப் செய்து முடித்தேன். ஒன்பது வருடமாக வெள்ளிக்கிழமை சாயங்காலம் இதுதான். இடது பாதி ஜெபக் குறிப்பு, வலது பாதி, நடந்த நன்மைக்கு நன்றி சொல்லும் ஸ்தோத்திரக் குறிப்பு. பெயர் போடுவதில்லை. "ஒரு சகோதரி, கண் அறுவை சிகிச்சை" என்று போட்டால் போதும், யார் என்று எல்லோருக்கும் தெரிந்துவிடும்.

ஜெபப் பக்கத்தில் ஒரு வரிக்கு ஆறு வாரம்தான் ஆயுசு. தொடர வேண்டுமென்றால் புதுச் சீட்டு எழுதிப் பெட்டியில் போட வேண்டும், இல்லையென்றால் எடுத்துவிடுவேன். நான் கொண்டுவந்த சட்டம். அதற்கு முன்னால், மாடிப்படி ஏறி இறங்கிக்கொண்டிருந்த ஒருவருடைய முழங்காலுக்காக ஒரு வருடம் ஜெபித்துக்கொண்டிருந்தோம். சீட்டு இல்லாவிட்டால் வரி இல்லை. பாடகர் குழுவில் பாதிப் பேருக்கு இதனால் என்மேல் வருத்தம்.

இன்று மூன்று வரி எடுத்தேன்.

தாளை வாங்கிப்போக வந்த போதகர், முப்பதாம் தேதி மனநிறைவைப் பற்றிப் பிரசங்கம் செய்யப்போவதாகச் சொன்னார். அதற்கு முன்னால் நான் பத்து நிமிடம் சாட்சி சொல்ல வேண்டுமாம். "நீங்கதாம்மா சரியான ஆள். இவ்வளவு நடந்தும் உங்க முகத்துல ஒரு சலனம் இல்ல. சபையில எல்லாரும் அதைத்தான் பேசுறாங்க." முப்பத்துநான்கு வயதுதான் அவருக்கு. நம்பிப் பேசுகிறார். மறுப்பதற்குக் காரணம் யோசிக்க வேண்டுமே என்று தலையாட்டிவிட்டேன்.

மார்ச் 9, ஞாயிறு

இதை ஒழுங்காக எழுதிவைக்க வேண்டும்.

ஆராதனை முடிந்ததும் பாடகர் குழுப் பெண்கள் இரண்டு பேர் ஓடிவந்து கையைப் பிடித்துக்கொண்டார்கள். "அக்கா, ஸ்தோத்திரம். அண்ணன் பேசிட்டாராமே." எனக்கு ஒன்றும் புரியவில்லை. தாளைக் காட்டினார்கள். ஜெபப் பக்கத்தில் அவருடைய வரி இல்லை. ஜெபம் கேட்கப்பட்டுவிட்டது என்று எடுத்துக்கொண்டிருக்கிறார்கள்.

வெள்ளிக்கிழமை எடுத்த மூன்றில் ஒன்று. ஆறு வாரம் முடிந்திருக்கிறது. புதுச் சீட்டு நான் எழுதவில்லை. சட்டப்படி நானே எடுத்திருக்கிறேன். அழித்தபோது கண் அந்த வரியைப் பார்த்திருக்கும்தானே? ஒன்றும் நினைவில்லை.

சாயங்காலம் போன் வந்தது. அவர்தான் இடது கையால் எடுத்தார். எடுத்ததும் ஸ்பீக்கர் பட்டனை அழுத்திவிடுவது அவர் வழக்கம். பேசியவர் முதல் மணி அங்கிள். வயதான தையல்காரர், முதல் மணி அடிக்கும்முன்பே வந்து சபைக் கதவைத் திறப்பவர். காய்ச்சல் என்று இன்று வரவில்லை. யாரோ தாளைக் கொண்டுபோய்க் கொடுத்திருக்கிறார்கள்.

"அம்மா, தாளைப் பார்த்தேன். எனக்கு ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா? அழாதீங்க. அவர் இப்போ நல்ல இடத்துலதான் இருக்கார்."

"சரி" என்றார் இவர்.

"யாரு, அவர் தம்பியா? கடைசியில ரொம்பக் கஷ்டப்பட்டாராப்பா?"

"சரி, சரி."

"நல்ல மனுஷன். எனக்கு ரிவர்ஸ் எடுக்கச் சொல்லிக் கொடுத்ததே அவர்தான். எப்போ எடுக்கிறீங்க?"

அதற்கு மேல் இவரால் முடியவில்லை. சோபாவில் சாய்ந்து, வாய் ஒரு பக்கமாகக் கோண, கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தார். பதினான்கு மாதத்தில் முதல் தடவை. நான்தான் போனை வாங்கி விஷயத்தைச் சொன்னேன். அங்கிள் பாவம், வெலவெலத்துப் போய்விட்டார்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. அது வேடிக்கை என்று தெரிந்தது, அவ்வளவுதான்.

மார்ச் 10, திங்கள்

ஆஸ்பத்திரியில் என் வேலை, அறுவை சிகிச்சைக் கருவிகளைக் கழுவித் துணியில் கட்டி நீராவி மெஷினில் ஏற்றுவது. ஒவ்வொரு கட்டின் மேலும் ஒரு டேப் ஒட்டுவோம். சூடு பட்டால் அதில் கறுப்புக் கோடு விழும். ஆனால் கட்டு மெஷினுக்குள் போய்வந்தது என்பதற்கு மட்டும்தான் அது அத்தாட்சி. சூடு உள்ளே இறங்கியதா என்று தெரிய, கருவிகளுக்கு நடுவில் தனியாக ஒரு அட்டை வைப்போம். கட்டைப் பிரித்தால்தான் அதைப் பார்க்க முடியும்.

சபையார் பார்ப்பது மேல் டேப். உள்ளே அட்டை என்ன நிறத்தில் இருக்கிறது என்று எனக்கே தெரியாது. சமாதானம் வந்ததால் அவருக்காக ஜெபம் கேட்க மறந்தேனா? மரத்துப்போனதால் மறந்தேனா? இரண்டும் வெளியிலிருந்து பார்த்தால் ஒரே மாதிரிதான் இருக்கிறது.

மார்ச் 14, வெள்ளி

புதுச் சீட்டு எழுதலாம் என்று உட்கார்ந்தேன். "ஒரு சகோதரர், பேச்சு திரும்ப." கை அதை எழுத மறுத்தது. டாக்டர் சொன்ன பிறகும் அதையே கேட்பது விசுவாசமா, பிடிவாதமா? கேட்காமல் விட்டால் அது என்ன? சீட்டு இல்லாததால் வரியும் போடவில்லை.

மகள் போன் செய்தாள். "நீ அழுதாக்கூட எனக்கு நிம்மதியா இருக்கும்மா. இந்த அமைதி பயமா இருக்கு." சாப்பிட்டாயா என்று கேட்டு வைத்துவிட்டேன்.

மார்ச் 18, செவ்வாய்

பெருக்குவதற்காக சோபாவை நகர்த்தினேன். அடியில் ஐந்து பிரஷர் மாத்திரை. ஐந்து.

தினமும் டியூட்டிக்குப் போகும்முன் அவர் பக்கத்தில் சாஸரில் வைத்துவிட்டுப் போவேன். வந்ததும் "மாத்திரை போட்டீங்களா?" என்று கேட்பேன். சரி என்பார். அவருடைய சரிக்கு அர்த்தம் கிடையாது என்று எனக்குத் தெரியாதா? தெரிந்தும் கேட்டேன். பதில் என்று ஒன்று வந்தால் போதும் எனக்கு, அடுத்த வேலையைப் பார்க்கலாம்.

கத்திவிட்டேன். "சரின்னு சொல்லாதீங்க. எல்லாத்துக்கும் சரி சரின்னு... இன்னொரு தடவை விழுந்தீங்கன்னா நான் என்ன பண்ணுவேன், யாருகிட்ட போவேன்? என்னால முடியல. எனக்கு முடியலங்க." பக்கத்து வீட்டுக்குக் கேட்டிருக்கும். கேட்கட்டும்.

அவர் எழுந்து, சுவரைப் பிடித்துக்கொண்டு ஜன்னல்வரை போனார். அந்தக் குண்டூசியை எடுத்து வந்தார். என் எதிரில் உட்கார்ந்து, வலது கையில் தானே குத்திக்கொண்டார். இரத்தம் எட்டிப் பார்த்தது. என் முகத்தைப் பார்த்து, இல்லை என்று தலையாட்டினார். மறுபடி குத்தினார். மறுபடி தலையாட்டினார்.

அந்தக் கையில் உணர்ச்சி கிடையாது. அந்தப் பெண் கேட்டபோதெல்லாம் சரி என்று சொல்லி வந்திருக்கிறார், பக்கத்தில் நின்ற என் மனம் நோகக் கூடாதென்று. நானும் நம்பி சாஸரை வலது பக்கம் வைத்திருக்கிறேன். கை பட்டு மாத்திரை விழுந்திருக்கிறது, பட்டது அவருக்குத் தெரியவில்லை. பிறகு தேடியிருப்பார். காணோம் என்று என்னிடம் எப்படிச் சொல்வார்? தலையாட்டியிருந்தாலும், பதில் வந்துவிட்டதே என்று நான் நிமிர்ந்து பார்த்திருக்க மாட்டேன்.

அவர் மடியில் தலை வைத்து அழுதேன். எவ்வளவு நேரம் என்று தெரியாது. வெகு நேரம் மடக்கிவைத்த காலை நீட்டினால் சுருக்கென்று குத்துமே, அப்படி உடம்பு முழுக்கக் குத்தியது. அப்புறம் ஜெபம் என்று சொல்ல முடியாத ஒன்றைச் சொன்னேன். ஆண்டவரே, இவர் இப்படித்தான். நானும் இப்படித்தான். நீர் இங்கேதானே இருக்கிறீர்.

பதில் எதுவும் கேட்கவில்லை. ஆனால் இந்த அறையில் நாங்கள் இருவர் மட்டும் இல்லை என்று தோன்றியது. அந்த எண்ணம் எனக்குப் போதுமானதாக இருந்தது. எழுந்து முகம் கழுவி, சாஸரை இடது பக்கம் வைத்தேன்.

மார்ச் 19, புதன்

மாத்திரை போட்டிருக்கிறார். சாஸர் காலி. சோபாவுக்கு அடியிலும் பார்த்தேன்.

மார்ச் 22, சனி

போதகரிடம் உள்ளதைச் சொன்னேன். என்னிடம் இருந்தது மனநிறைவு இல்லை தம்பி, உணர்ச்சி செத்துப்போயிருந்தது என்றேன். அவர் விழித்தார். "அப்போ நான் எதை வெச்சும்மா பிரசங்கம் பண்றது?" என்றார். பிறகு தயங்கி, போன வருடம் தங்களுக்குக் குழந்தை தங்காமல் போனதிலிருந்து தனக்கும் அப்படித்தான் இருக்கிறது என்றார். மனைவியிடம்கூடச் சொன்னதில்லையாம்.

வீட்டுக்கு வந்து பைபிளை எடுத்து, அப்போஸ்தலர் சிறையிலிருந்து எழுதின கடிதத்தை வாசித்தேன். எத்தனை தடவை வாசித்தது. எந்த நிலைமையிலும் நிறைவாய் இருக்க அவர் கற்றுக்கொண்டாராம். கற்றுக்கொண்டார் என்றால், தெரியாமல் திண்டாடிய நாட்கள் அவருக்கும் இருந்திருக்கும்தானே?

மார்ச் 30, ஞாயிறு

அவரை வாடகைக் காரில் கூட்டிப்போனேன். கடைசி பெஞ்சில் உட்கார்ந்தார். முதல் மணி அங்கிள் வந்து கையைப் பிடித்துக்கொண்டு, "மன்னிச்சுக்கோப்பா, அவசரப்பட்டுட்டேன்" என்றார். இவர் ஆரம்பித்துவிட்டார், தோள் குலுங்கக் குலுங்கச் சிரிப்பு.

பத்து நிமிடம் கொடுத்தார்கள். எனக்கு இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை. "எனக்கு மனநிறைவு இருக்குன்னு நினைச்சீங்க. எனக்கு எதுவுமே உறைக்காம இருந்துச்சு, அவ்வளவுதான். இப்போ உறைக்குது, வலிக்குது. வலிக்கிறப்போ ஆண்டவர் பக்கத்துல இருக்கார்ன்னும் தெரியுது. என் வீட்டுக்காரர் வண்டி பழக வர்றவங்ககிட்ட சொல்லுவார், இன்ஜின் நின்னா பரவாயில்ல, திரும்ப ஸ்டார்ட் பண்ணுன்னு. நான் இன்னும் எல் போர்டுதான்."

ஆமென் யாரும் சொல்லவில்லை. கடைசி பெஞ்சிலிருந்து சத்தமாக ஒரு "சரி" வந்தது.

ஏப்ரல் 4, வெள்ளி

தாள் முடிந்தது. ஜெபப் பக்கத்தில்: ஒரு தம்பதி, அந்தந்த நாளுக்குரிய பெலன். ஸ்தோத்திரப் பக்கத்தில்: ஒரு சகோதரர் தொலைபேசியில் சிரித்ததற்காக.

ஸ்தோத்திரப் பக்கத்து வரிக்கு ஒரு வாரம்தான். அதுவும் நான் போட்ட சட்டம். அடுத்த வெள்ளிக்குப் புதிதாக ஒன்று கிடைக்க வேண்டும்.

ஏப்ரல் 8, செவ்வாய்

காலையில் பால் பொங்கி அடுப்பு முழுக்க வழிந்தது. அவர் பக்கத்தில் நின்று கடைசிவரை பார்த்துவிட்டு "சரி" என்றார். சிரித்துவிட்டேன், அடுப்பைத் துடைக்கவும் தோன்றாமல். டீயில் சர்க்கரை கொஞ்சம் தூக்கல். வெள்ளிக்கு இன்னும் மூன்று நாள் இருக்கிறது, அதற்குள் ஸ்தோத்திரச் சீட்டு எழுதிவிட்டேன்.